பவரக்காவின் ஏழாவது புத்தகம்

கண்ணாடிக் கடையின் பின்னறையில், தண்ணீரைத் தெளித்துக்கொண்டே லென்ஸை ஃப்ரேமின் அளவுக்குச் சீவும் இயந்திரம் ஒன்று இருக்கிறது. ஒரு லென்ஸைச் சீவி முடிக்க அதற்கு நாலு நிமிஷம் ஆகும். வேறு யாராவது அங்கே உட்கார்ந்திருந்தால் கொட்டாவி விடுவார்கள், போனைத் தடவுவார்கள். பவரக்கா இரண்டு பக்கம் படித்துவிடுவாள். முந்நூறு பக்க நாவல் என்றால் நூற்றைம்பது லென்ஸ். கடையில் கூட்டம் கூடினால் மற்றவர்களுக்கு அலுப்பு. அவளுக்கு இன்னொரு அத்தியாயம்.

பவரக்கா என்ற பெயர் கடையில் வைத்ததுதான். லென்ஸை விரலிடுக்கில் பிடித்து, சுவர்க் காலண்டரின் கட்டங்களுக்கு நேரே இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்து, "மைனஸ் ரெண்டரை" என்பாள். பவர் பார்க்கும் இயந்திரத்தில் வைத்துப் பார்த்தால் அதே ரெண்டரைதான் இருக்கும். படிப்பு பன்னிரண்டாம் வகுப்போடு சரி. தொழில், கடைக்கு வந்து கற்றது. அவளுடைய பிறந்த வீட்டில் அவளுக்கு முன்னால் ஒருவரும் ஒரு புத்தகத்தைக் கடைசிப் பக்கம்வரை கொண்டுபோனதில்லை. அதைச் சொல்வதில் அவளுக்கு வெட்கம் கிடையாது, கர்வம்தான் உண்டு.

புருஷன் லிஃப்ட் மெக்கானிக். நல்ல மனுஷன், வாய் செத்தவன். அவனுடைய அக்கா அப்படியில்லை. கல்லூரியில் துறைத்தலைவராக இருந்து ஓய்வுபெற்றவர். ஊர் முழுக்க அவரை 'மேடம்' என்றே கூப்பிடும். கட்டிய கணவரே போனில், "மேடம் இன்னும் தூங்கறாங்க" என்றுதான் சொல்வார். பவரக்கா மட்டும் முறைப்படி அண்ணி என்பாள். அந்த அண்ணி என்ற சொல் காதில் விழும்போதெல்லாம் மேடத்தின் முகத்தில், புது ஃப்ரேம் மூக்கில் சரியாக உட்காராதது போல ஒரு சுளிப்பு வந்து போகும்.

ஆண்டுக் கடைசியில் பத்து நாள் விடுமுறை வரும். மேடம் வீட்டுக் கூடத்தில் உறவுக்காரர்கள் கூடுவார்கள், எல்லாருக்கும் பரிசு கொடுப்பது மேடம்தான். முதல் வருஷம் அவரே போன் செய்து பவரக்காவிடம் கேட்டார்:

"உனக்கு என்ன புக் வேணும்னு எழுதிக் குடும்மா. ஏழு எழுது. ஏன் வேணும்னு ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு மூணு வரி இருக்கணும். காரணம் தெரிஞ்சாதான் எனக்கு வாங்கத் தோணும்."

பவரக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. அவள் வாழ்க்கையில் யாரும் அவளிடம் கேட்காத கேள்வி அது. அன்றிலிருந்து அவளுடைய ஞாயிற்றுக்கிழமைகள் அந்தப் பட்டியலுக்கே போயின. நூலகத்தில் புதுவரவுப் பலகையை மேய்வாள். புத்தகக் கடையில் நின்ற காலோடு முப்பது நாற்பது பக்கம் படித்து, மீதிக்காக ஏங்கிக்கொண்டு வீடு திரும்புவாள். நாற்பது பெயர் சேரும், சலித்து எடுத்தால் ஏழு நிற்கும். அந்த ஏழைப் பற்றியும், லென்ஸ் சீவும் நேரத்தில் மனசுக்குள் வரி வரியாக எழுதி, வீட்டில் ஒரு தாளில் அடித்துத் திருத்தி, பிறகு கோடு போட்ட தாளில் முத்து முத்தாகப் பிரதி எடுத்துக் கொடுப்பாள்.

முதல் வருஷப் பரிசு: மூன்றடுக்கு எவர்சில்வர் டப்பா. இரண்டாம் வருஷம் படுக்கை விரிப்பு. மூன்றாம் வருஷம் குடை.

"எதுவுமே ஸ்டாக் இல்லன்னுட்டான்மா" என்பார் மேடம், ஒவ்வொரு வருஷமும் அதே குரலில். மூன்றாம் வருஷம் மட்டும் கூடவே ஒன்று சொன்னார். பவரக்கா குடையை வாங்கிக்கொண்டு, "பரவால்ல அண்ணி, அடுத்த வருஷம் படிச்சுக்கறேன்" என்றதும், கூடத்தில் இருந்த அத்தனை பேர் காதிலும் விழும்படி சிரித்தார்.

"நீ படிக்கறம்மா. நாங்க வாசிக்கறோம். ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கு."

எல்லாரும் சிரித்தார்கள். புருஷனும் பாதி சிரித்தான். பவரக்கா குடையை விரித்துப் பார்த்து, "கம்பி நல்லாருக்கு" என்றாள்.

நாலாவது வருஷம், விடுமுறைக்கு ஒரு வாரம் இருக்கும்போது, நடுவயதுப் பெண்மணி ஒருவர் படிப்புக் கண்ணாடி வாங்கிப் போக வந்தார். பவரக்கா காது வளைவைச் சரிசெய்து மாட்டிவிட்டு, எழுத்து அட்டையை நீட்டினாள். "அது வேண்டாம், நான் தினம் படிக்கறதையே படிச்சுப் பாக்கறேன்" என்று பெண்மணி கைப்பையிலிருந்து ஓர் இதழை எடுத்தார். ஊரின் வாசகர் வட்டம் மாதாமாதம் வெளியிடும் மெல்லிய இதழ்.

"சத்தமாப் படிங்கம்மா, எழுத்து எங்கயாவது ஆடுதான்னு சொல்லுங்க."

பெண்மணி படித்தார். "'விடுமுறைப் பரிசுக்கு ஏழு புத்தகங்கள். ஒன்று: இந்த நாவலில் முப்பது பக்கம் போயும் ஒரு துளி மழை பெய்யவில்லை. ஆனால் படித்த நான் நனைந்துவிட்டேன்…' ஆடலம்மா, பளிச்சுனு இருக்கு."

பவரக்காவின் கையில் இருந்த திருப்புளி அப்படியே நின்றது. அந்த மழை அவள் பெய்ய வைத்தது. முப்பது பக்கம் என்பது புத்தகக் கடைக்காரன் வந்து முறைக்கும்வரை அவள் நின்று படித்த முப்பது பக்கம்.

"கொஞ்சம் குடுங்க, பாத்துட்டுத் தர்றேன்."

ஏழும் அவளுடையவை. ஒரு வரி குறையவில்லை, கூடவில்லை. அவள் நின்ற இடத்தில்கூட நிற்காத ஒருத்தி, அந்த முப்பது பக்கத்தையும் எண்ணிப் பார்க்காமல் அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறாள். பக்கத்தின் உச்சியில் மோவாயில் கை வைத்த மேடத்தின் படம்.

"இவங்க பெரிய வாசகிம்மா" என்றார் பெண்மணி. "நாலு வருஷமா எழுதறாங்க. இந்த ஒரு பக்கத்துக்காகவே நான் இந்த இதழை வாங்கறேன். அவங்க சொன்னது ஒண்ணுகூட சோடை போனதில்ல."

நாலு வருஷம். பவரக்கா இதழை மடிக்காமல் திருப்பிக் கொடுத்தாள். கண்ணாடியைத் துடைத்துப் பெட்டியில் வைத்தாள். அன்று சீவிய லென்ஸ்களில் ஒன்றுகூடப் பிசகவில்லை. ஆனால் ஒரு பக்கமும் படிக்கவில்லை.

வீட்டில் சொன்னாள். புருஷன் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே கேட்டான்.

"விடு. அக்காதானே. உன் எழுத்து அச்சுல வந்திருக்கு, சந்தோஷப்படேன்."

"என் எழுத்து. அவங்க மூஞ்சி."

"இப்ப என்ன பண்ணணுங்கற?"

"நீங்க ஒண்ணும் பண்ண வேணாம். சாப்பிடுங்க."

அந்தக் குரலை அவன் அதற்கு முன் கேட்டதில்லை. தட்டை இழுத்துக்கொண்டான். அந்த விடுமுறைக்கு அவளுக்குச் சுவர்க் கடிகாரம் கிடைத்தது. "ரொம்பத் தேங்க்ஸ் அண்ணி" என்று வாங்கிக்கொண்டாள். வீட்டில் அதை மாட்டவில்லை.

பிறகு ஒரு வருஷம் காத்திருந்தாள். வன்மத்தை அடைகாப்பது அவளுக்குப் புதுசு. ஆனால் பொறுமை தொழிலிலேயே இருந்தது. நடுவில் ஒருநாள் மேடத்தின் கண்ணாடியே அவள் கைக்கு வந்தது. சிலிண்டர், அதாவது ஒரு திசையில் மட்டும் பவர் உள்ள லென்ஸ், அதைப் பொருத்தும்போது கோணம் முக்கியம். பத்து டிகிரி திருப்பிவிட்டால் போதும், நாலு வரி படிப்பதற்குள் எழுத்துக்கு நிழல் விழும், நெற்றிப்பொட்டு வலிக்கும், காரணம் யாருக்கும் பிடிபடாது. இயந்திரத்தின் முன்னால் இரண்டு நிமிஷம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சரியான கோணத்திலேயே சீவினாள். பெருந்தன்மை ஒன்றுமில்லை. கண்ணாடியைத் திரும்ப வாங்கிச் சரிசெய்துவிடலாம், அவளுக்கு வேண்டியது யாராலும் சரிசெய்ய முடியாத ஒன்று. தவிர, அந்தக் கண்களுக்கு நன்றாகத் தெரியவேண்டியிருந்தது.

ஐந்தாவது வருஷம் மேடத்தின் போன் வந்தது. "லிஸ்ட் ரெடியாம்மா? இந்த வாட்டி எப்படியும் வாங்கிடறேன்."

"இந்த வாட்டி நல்லா யோசிச்சு எழுதியிருக்கேன் அண்ணி."

ஆறு புத்தகங்கள் உண்மை. ஏழாவதை அவளே பெற்றாள். பதினைந்து நாள், முந்நூறு லென்ஸ்களுக்கு நடுவே. பெயர் 'பூட்டைத் தின்றவள்'. தொலைதூர ஊர் ஒன்றில் சின்னப் பதிப்பகம், அட்டையில் ஆசிரியர் பெயர் போடாத நாவல். வீட்டுச் சாவியெல்லாம் மாமியார் இடுப்பில் தொங்க, மருமகள் ஒவ்வொரு பூட்டாகக் காணாமல் அடிக்கும் கதை. 'இருநூற்றுப் பதினாலாம் பக்கத்தில் ஒரு தாய் மகளுக்கு எழுதும் கடிதம் வருகிறதாம். அதைக் கடந்துபோவது கஷ்டம் என்கிறார்கள்' என்று முடித்தாள். எழுதி முடித்ததும் அந்தப் புத்தகத்தைப் படிக்க அவளுக்கே ஆசையாக இருந்தது. அதில் கொஞ்சம் எரிச்சல்கூட வந்தது.

மேடம் தேடிப் பார்த்தால் தூண்டில் அறுந்திருக்கும். ஆனால் நாலு வருஷமாகச் சோடை போகாத பட்டியல். கடைக்கே போகாமல் ஸ்டாக் இல்லை என்று சொல்லிப் பழகியவர், தேடியா பார்ப்பார்?

பவரக்கா இப்போது அந்த இதழுக்குச் சந்தாதாரர். கடை முகவரிக்கு வந்த உறையைப் பிரித்து, நேராகக் கடைசிக்கு முந்தைய பக்கத்தைத் திருப்பினாள். ஆறு புத்தகங்களை வழக்கம்போல அப்படியே போட்டிருந்தார். ஏழாவதுக்கு மட்டும் மேடம் சொந்தக் கைச்சரக்கைச் சேர்த்திருந்தார். 'ஒரே மூச்சில் வாசித்தேன். இருநூற்றுப் பதினாலாம் பக்கத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, என் தாயை நினைத்து வாய்விட்டு அழுதேன்.'

இயந்திரம் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டிருக்க, பவரக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். முதலாளி எட்டிப் பார்த்து, "என்னக்கா, லென்ஸ் ஜோக் சொல்லுதா?" என்றார்.

மாலையில் புருஷனிடம் நீட்டினாள். அவன் நெற்றியைச் சுருக்கினான். "எங்கம்மாவ நினைச்சா? அம்மா ஆஸ்பத்திரியில கிடந்தப்பகூட அக்கா கண்ணு கலங்கல. அப்படி என்ன புக் அது?"

"அப்படி ஒரு புக்கே இல்லைங்க."

அவனுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் கட்டிலில் உட்கார்ந்துவிட்டான். "வேணாம்டி" என்றான். அவள் கேட்கவில்லை.

தடுமாறியது ஒரே ஒரு இடத்தில். படிப்புக் கண்ணாடிக்கார அம்மா ஒருநாள் மூக்குத் தாங்கியை மாற்ற வந்து, "அந்தப் பூட்டு நாவலத் தேடாத கடை இல்லம்மா. பொண்ணுக்கு விடுமுறைப் பரிசாக் குடுக்கணும்னு ஆசை" என்றார். உண்மை பவரக்காவின் வாய்வரை வந்தது. "கிடைக்கும்மா, இன்னும் கொஞ்சம் தேடுங்க" என்று சொல்லி அனுப்பினாள். அன்று முழுக்க ஒரு மாதிரியாக இருந்தது. அந்தக் கணக்கையும் மேடத்தின் தலையிலேயே போட்டாள்.

வாசகர் வட்டத்தின் ஆண்டுக் கூட்டம் விடுமுறைக்கு முந்தின ஞாயிறு காலையில் நடந்தது. மாடி அறை, பிளாஸ்டிக் நாற்காலிகள், கரகரக்கும் மைக். மேடத்தின் உறவு என்பதால் பவரக்காவுக்கும் புருஷனுக்கும் முதல் வரிசை. பவரக்காவின் கைப்பையில் ஐந்து வருஷப் பட்டியல்களின் முதல் படி இருந்தது, அடித்தல் திருத்தல்களோடு. கேள்வி நேரத்தில் எழுந்து, அப்படியொரு புத்தகமே கிடையாது என்று சொல்லிவிட்டு, தாள்களை மேசைமேல் வைத்துவிட வேண்டும். அதுதான் திட்டம்.

ஆனால் முதலில் எழுந்தது நூலகர். ஒல்லியான மனிதர், குரலும் ஒல்லி.

"மேடம், அந்தப் 'பூட்டைத் தின்றவள்' வேணும்னு இருபத்திமூணு பேர் என்கிட்ட எழுதிக் குடுத்திருக்காங்க. பதிப்பகத்துக்குக் கடிதம் போட்டேன். அப்படி ஒரு தெருவே இல்லன்னு திரும்பி வந்துடுச்சு."

மேடம் மைக்கைப் பிடித்தார். ஒரு விநாடி, ஒரே விநாடி, அவருடைய கண்கள் முதல் வரிசைக்கு வந்து போயின. பிறகு புன்னகைத்தார்.

"சின்னப் பதிப்பகம் சார். ஐநூறு பிரதிதான் போட்டாங்க, தீர்ந்துடுச்சு. என்கிட்ட ஒண்ணு இருக்கு. பத்திரமா வெச்சிருக்கேன்."

கைப்பையின் ஜிப்பைப் பாதி திறந்திருந்த பவரக்காவின் விரல்கள் நின்றன. உண்மையைச் சொன்னால் ஐந்து நிமிஷத்தில் எல்லாம் முடிந்துவிடும். மேடம் அழுவார், நாலு பேர் தேற்றுவார்கள், வீட்டுச் சண்டை என்று கலைந்துபோவார்கள். ஐந்து வருஷத்துக்கு ஐந்து நிமிஷமா? ஜிப்பை மூடிக்கொண்டு எழுந்தாள்.

"அண்ணி, ஒரு வேண்டுகோள்."

மைக் இல்லாமலே கேட்டது. கடை இரைச்சலில் பழகிய குரல்.

"வருஷா வருஷம் என்ன புக் வேணும்னு கேப்பீங்க. இந்த வருஷம் எனக்கு வேற எதுவும் வேணாம். உங்ககிட்ட இருக்கற அந்த ஒரு பிரதியக் குடுங்க. நீங்க வாசிச்சத நானும் படிக்கணும்."

அறை கைதட்டியது. நூலகர் இரு கைகளையும் கூப்பினார். "அம்மா படிச்சு முடிச்சதும் எனக்குக் குடுத்தா நான் நகல் எடுத்துக்கறேன். இருபத்திமூணு பேரும் வாழ்த்துவாங்க!" பின்வரிசையில் படிப்புக் கண்ணாடிக்கார அம்மா எல்லாரையும்விடச் சத்தமாகத் தட்டினார்.

மேடம் பவரக்காவைப் பார்த்தார். சரியான கோணத்தில் சீவிய கண்ணாடி வழியாக, நன்றாகவே பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது.

"கண்டிப்பா" என்றார். குரல் மட்டும் அவருடையதாக இல்லை.

மூன்றாம் நாள் மதியம் மேடம் கடைக்கு வந்தார். வாடிக்கையாளர் உட்காரும் உயர ஸ்டூலில் ஏறி உட்கார்ந்து, கனமான பையைக் கண்ணாடி மேசைமேல் வைத்தார்.

"ஆறும் வாங்கிட்டேன். பாத்துக்கோ."

பவரக்கா ஒவ்வொன்றாக எடுத்து, முதுகை வருடி, பெயரைப் படித்து அடுக்கினாள். ஐந்து வருஷத்தில் முதல்முறை.

"ஏழு எழுதிக் குடுத்தேன் அண்ணி."

"விளையாடாத. அப்படி ஒரு புக்கே கிடையாது."

"கிடையாதா? அப்ப எதப் படிச்சு அழுதீங்க?"

"நூலகர் தினம் ரெண்டு தடவ போன் பண்றாரு. வீட்டுக்கே வர்றேங்கறாரு. உனக்கு என்ன வேணும்? மன்னிப்புக் கேக்கணுமா?"

"மன்னிப்ப வெச்சு நான் என்ன பண்ண? அதுல பக்கமே இல்லையே. எனக்கு அந்த இதழோட கடைசிக்கு முந்தின பக்கம் வேணும். என் பேர்ல."

"உன் படிப்புக்கு யாரு…" என்று ஆரம்பித்த மேடம், பவரக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு வார்த்தையை விழுங்கினார். "குழுவுல என்னன்னு சொல்றது?"

"கண்ணு சரியில்ல, இனிமே தம்பி பொண்டாட்டி எழுதுவான்னு சொல்லுங்க. வேணும்னா எங்க டாக்டர்கிட்ட ஒரு சீட்டும் வாங்கித் தர்றேன்."

உள்ளே இயந்திரம் நின்று, வேலை முடிந்ததற்கு அடையாளமாகக் கீச்சிட்டது. மேடம் காலிப் பையை எடுத்து நாலாக மடித்தார்.

"குடுத்தா? அதோட முடிஞ்சுடுமா?"

"நான் வாயத் திறக்க மாட்டேன் அண்ணி. சத்தியமா."

அடுத்த இதழில் மேடம் விடைபெற்றார். அதற்கடுத்த இதழில் பக்கத்தின் உச்சியில் புதுப் படம்: மோவாயில் கை வைக்காமல், நேராகப் பார்க்கும் பவரக்கா. கீழே சொந்தப் பெயர். அதற்கும் கீழே 'கண்ணாடித் தொழிலாளி'. டிகிரி போடும் இடத்தில் அதைப் போடச் சொல்லி அவளே கேட்டிருந்தாள்.

சத்தியத்தை அவள் மீறவில்லை. வாயைத் திறக்க மாட்டேன் என்றுதான் சொல்லியிருந்தாள். பேனாவைப் பற்றி யாரும் கேட்கவில்லை. ஆறு நல்ல புத்தகங்களைப் பற்றி எழுதிவிட்டு, ஏழாவதாக இப்படி எழுதினாள்:

'பூட்டைத் தின்றவள். இந்நாவலின் ஒரே பிரதி நம் மதிப்புக்குரிய மேடம் அவர்களிடம் பத்திரமாக இருப்பதைக் கூட்டத்தில் அவரே அறிவித்தார். எனக்குத் தருவதாகச் சொன்னதை, வாசகர்கள் அனைவருக்குமாக நான் விட்டுக்கொடுக்கிறேன். விரும்புவோர் ஞாயிற்றுக்கிழமைகளில் காலை பத்து மணிக்குமேல் அவர் இல்லத்துக்கு நேரில் சென்று வாசிக்கலாம்.' அதன்கீழ் மேடத்தின் வீட்டு முகவரி, கதவு எண்ணோடு.

ஞாயிறு காலை. பவரக்கா ஜன்னலோரத்தில் காலை நீட்டிக்கொண்டு, ஆறில் முதலாவதை, அந்த மழை பெய்யாத நாவலை எழுதியவரின் இன்னொரு நாவலை, முப்பதாம் பக்கத்தைத் தாண்டிப் படித்துக்கொண்டிருந்தாள். லென்ஸ் இல்லை, நாலு நிமிஷக் கெடு இல்லை. புருஷன் போனைக் காதிலிருந்து எடுத்துக் கையால் பொத்திக்கொண்டு ஓடி வந்தான்.

"ஏய், அக்கா வீட்டு வாசல்ல பதினோரு பேர் நிக்கறாங்களாம். நூலகர் நகல் எடுக்கற மெஷினையே வண்டியில ஏத்திட்டு வந்துட்டாராம். அக்கா உன்கிட்ட பேசணுங்கறா, அழறா!"

"வாய்விட்டா?" என்று கேட்டுவிட்டு, பவரக்கா பக்கத்தைத் திருப்பினாள்.